முதல் நாள் என்ன பேசுவது?

கேள்வி: திருச்சியில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 36. ஓராண்டாகச் சரியான உறக்கமில்லை. காரணமின்றி அழுகை வருகிறது. குடும்ப மருத்துவர் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டைப் பார்க்கச் சொல்லி, புதன்கிழமைக்கு நேரமும் வாங்கித் தந்துவிட்டார். அங்கே என்ன பேசுவதென்றே தெரியவில்லை. நான் சொல்வதைக் கணவரிடம் சொல்லிவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: அன்புச் சகோதரிக்கு, என்ன பேசுவது என்ற கவலையை முதலில் இறக்கி வையுங்கள். முதல் நாளில் பெரும்பாலும் சைக்காலஜிஸ்ட்தான் கேட்பார். உறக்கம், பசி, தைராய்டு போன்ற உடல் உபாதைகள், சாப்பிடும் மாத்திரைகள், பிறந்த வீடு, புகுந்த வீடு, வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொள்வதிலேயே முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஓடிவிடும். 'ஒரு வழியும் சொல்லாமல் அனுப்பிவிட்டாரே' என்று சலித்துக்கொண்டு மறுமுறை போகாமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு; நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள்.

ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளையும் நீட்டலாம். கடந்த 2 வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, சோர்வு இருந்ததா என்பன போன்ற கேள்விகளுக்கு 0 முதல் 3 வரை மதிப்பிட வேண்டும். செத்துப்போய்விடலாம் என்ற எண்ணம் வந்ததா என்பது அதில் கடைசிக் கேள்வி. அந்தத் தாளை வாங்கும் எல்லோருக்கும் அதே கேள்விதான் என்பதால் திடுக்கிடாமல், உள்ளதை உள்ளபடி குறியுங்கள்.

கணவரைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும் கடமையை சைக்காலஜிஸ்ட்மீது சுமத்துகிறது. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று தோன்றினாலோ, நீதிமன்றம் கேட்டாலோ மட்டுமே பெரும்பாலும் அதற்கு விலக்கு. இதை அவரே தொடக்கத்தில் விளக்க வேண்டும். விளக்காவிட்டால் தயங்காமல் கேளுங்கள். கணவர் துணைக்கு வந்தால் வெளியே காத்திருக்கட்டும்.

நம் ஊரில் கவுன்சலிங் என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். வாரயிறுதிப் பயிற்சிச் சான்றிதழோடு பலகை மாட்டியவர்களும் அதற்குள் வந்துவிடுகிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் எம்.ஃபில் போன்ற மருத்துவ உளவியல் பயிற்சியை முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அவர் மாத்திரை எழுதித் தரமாட்டார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார், இரண்டு சிகிச்சையும் சேர்ந்தே நடக்கலாம்.

உண்மையான வேலை அடுத்தடுத்த வாரங்களில்தான் தொடங்கும், அதில் வீட்டுப்பாடமும் இருக்கலாம். காலையில் நீங்கள் சொன்ன வணக்கத்துக்குத் தலைமை ஆசிரியை பதில் சொல்லாமல் போய்விட்டார் என்று வையுங்கள். நடந்ததை ஒரு பத்தியிலும், 'என்மேல் ஏதோ கோபம்' என்று மனம் சொன்னதை அடுத்த பத்தியிலும், அப்போது எழுந்த பதற்றத்துக்கு நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்பதை மூன்றாவதிலும் எழுதிவரச் சொல்வார். பிறர் நோட்டையே திருத்திப் பழகிய உங்களுக்கு இது முதலில் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் சில வாரக் குறிப்புகளைச் சேர்த்துப் படிக்கும்போது, ஒரே எண்ணம் வெவ்வேறு வேடத்தில் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். அதை வைத்துத்தான் இருவரும் பேசுவீர்கள்.

இடையில் சில நாள்கள் மனம் முன்பைவிடக் கனக்கலாம். மூடி வைத்ததைத் திறக்கும்போது அப்படித்தான் ஆகும். அதை அவரிடமே சொல்லுங்கள். மூன்று நான்கு முறை போன பிறகும் மனம்விட்டுப் பேச முடியவில்லையென்றால் வேறொருவரை நாடலாம். அதையும் அவரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம்.

புதன்கிழமைக்குள் வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைதூக்கினால் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மற்றபடி, பழைய இரத்தப் பரிசோதனை அறிக்கைகளையும் மாத்திரைச் சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். அன்று பிற்பகலுக்குப் பள்ளியில் விடுப்புச் சொல்லிவிடுங்கள். அழுத கண்ணோடு வகுப்புக்குப் போய் நிற்க வேண்டியிராது.