கணினிக் கேள்வி பதில்: டேட்டாபேஸ் பழக வந்தவர்களுக்கு

கேள்வி: எக்செல் ஓரளவு தெரியும். டேட்டாபேஸ் வைத்து சின்னதாக ஒரு அப்ளிகேஷன் எழுத ஆசை. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் தொடங்குவது?

பதில்: எஸ்கியூலைட்டில். சர்வர் நிறுவ வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல். பைதான் மொழியை நிறுவியிருந்தால் எஸ்கியூலைட்டுக்கான மாட்யூல் பெரும்பாலும் கூடவே வந்திருக்கும். குழப்பிவிட்டீர்களா, ஃபைலை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். மற்றவற்றில் ஆரம்ப நாட்கள் யூசர், போர்ட், அனுமதி என்றே போய்விடும். குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி, எழுதும் உற்சாகம் அதற்குள் வடிந்துவிடும். எல்லாமே 1970-இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் முன்வைத்த ரிலேஷனல் மாடலின் (தகவலை டேபிள்களாக அடுக்கும் முறை) வழிவந்தவைதான். அதனால் இங்கே கற்ற எஸ்கியூஎல், அதாவது டேட்டாபேஸிடம் பேசும் மொழி, அங்கேயும் செல்லும்.

கட்டளைகளில் முதலில் கிரியேட் டேபிள் (டேபிள் உருவாக்க), இன்சர்ட் (வரி சேர்க்க), செலக்ட் (வரிகளை எடுக்க). அடுத்து ஜாயின் (டேபிள்களை இணைக்க), குரூப் பை (வகைவாரியாகத் தொகுக்க). அப்டேட் (திருத்த), டிலீட் (நீக்க) அதற்குப் பிறகு. எந்த வரிகள் என்று சொல்லும் "வேர்" (where) நிபந்தனை இல்லாமல் ஓர் அப்டேட் ஓட்டினால் டேபிளில் உள்ள அத்தனை வரியும் மாறிவிடும். அதே வேர் நிபந்தனையோடு முதலில் ஒரு செலக்ட் ஓட்டி, எத்தனை வரி வருகிறது என்று பார்த்துவிட்டு அப்டேட் எழுதுங்கள். எஸ்கியூஎல்லை மறைத்துவைக்கும் ஓஆர்எம் லைப்ரரிகள் இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி: இரவல் நூலகம் ஒன்றுக்கு டேபிள் போட்டேன்: உறுப்பினர் பெயர், போன், புத்தகம்1, புத்தகம்2, புத்தகம்3. ஒருவர் நான்காவது புத்தகம் கேட்டால் இன்னொரு ஃபீல்டு சேர்ப்பதா?

பதில்: சேர்க்காதீர்கள். இது எக்செல் பழக்கம். நான்காவது புத்தகம் கூடப் பெரிய சிக்கல் இல்லை. "இந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள், மூன்று ஃபீல்டிலும் தேட வேண்டிவரும். ஒரே மாதிரிப் பெயருக்குப் பின்னால் 1, 2, 3 என்று எண் வந்தாலே அது தனி டேபிளாக வேண்டியது என்று அர்த்தம்.

உங்களுக்கு நான்கு டேபிள் தேவை: உறுப்பினர், நூல், பிரதி, இரவல். நூலும் பிரதியும் ஏன் தனித்தனி? ஒரே நூலில் இரண்டு பிரதி இருந்தால், இரவல் போவது அவற்றில் ஒன்றுதானே. இரவல் டேபிளில் ஐந்து ஃபீல்டு போதும்: இரவல் எண், பிரதி எண், உறுப்பினர் எண், கொடுத்த தேதி, திரும்பிய தேதி. புத்தகம் வெளியே இருக்கும்வரை திரும்பிய தேதி நல், அதாவது வெற்று.

இங்கேதான் புதியவர்கள் வழுக்கி விழுகிறார்கள். வெளியே உள்ளவற்றை எடுக்க "திரும்பிய தேதி = நல்" என்று எழுதுவார்கள்; ஒரு வரிகூட வராது, பிழைச் செய்தியும் வராது. நல் என்றால் "தெரியாது". தெரியாத ஒன்று இன்னொன்றுக்குச் சமமா என்று கேட்டால் பதிலும் "தெரியாது" தான். வேர் பகுதி "ஆம்" என்று உறுதியான வரிகளை மட்டுமே விடும். "இஸ் நல்" என்று எழுத வேண்டும்.

ஒரே பிரதியை இரண்டு பேருக்குக் கொடுத்ததாகப் பதிவாகாமல் தடுப்பதையும் டேட்டாபேஸிடமே விடுங்கள். பிரதி எண்ணின் மேல், அதே எண் இரண்டு முறை வராமல் தடுக்கும் ஒரு யூனிக் இண்டெக்ஸ், அதற்கு "வேர் திரும்பிய தேதி இஸ் நல்" என்று ஒரு நிபந்தனை. இரண்டாவது இன்சர்ட் தானாகவே நின்றுவிடும். எஸ்கியூலைட்டிலும் போஸ்ட்கிரெஸிலும் இப்படிப் போடலாம். மைஎஸ்கியூஎல்லில் இண்டெக்ஸுக்கு வேர் கிடையாது. இந்தச் சோதனையை அப்ளிகேஷனின் திரையில் மட்டும் வைத்தால், நாளை வேறொரு வழியாக உள்ளே வரும் தகவலை யார் தடுப்பது?

போன் எண்ணை டெக்ஸ்ட்டாக வையுங்கள். எண்ணாக வைத்தால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். அதைப் பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் ஃபீல்டு) ஆக்கவும் வேண்டாம், மாறக்கூடியது. எஸ்கியூலைட்டில் தேதிக்கென்று தனி டைப் இல்லை. ஆண்டு-மாதம்-நாள் வரிசையில், 2024-12-02 என்று எழுதினால் சரியாக அடுக்கும். 02-12-2024 என்று எழுதினால் அது 15-01-2024-க்கு முன்னால் போய் நிற்கும். அபராதத் தொகையைத் தசமமாக வைக்காதீர்கள், நாணயத்தின் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வையுங்கள். பைதானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி 0.3-உடன் ஒப்பிட்டுப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும்.

இவ்வளவையும் கீபோர்டைத் தொடுவதற்கு முன் தாளில் செய்யுங்கள். ஒவ்வொரு டேபிளையும் வரைந்து ஐந்து வரி கையால் நிரப்புங்கள். ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் எழுதுகிறோமே என்று கை தயங்கும் இடம்தான் தப்பு இருக்கும் இடம்.

கேள்வி: பைதானில் இன்சர்ட் பிழையில்லாமல் ஓடுகிறது; மூடித் திறந்தால் டேபிள் காலி. சில சமயம் "நோ சச் டேபிள்", சில சமயம் "டேட்டாபேஸ் இஸ் லாக்டு". என்ன கோளாறு?

பதில்: மூன்றும் மூன்று கோளாறு. முதலாவது, கமிட், அதாவது மாற்றங்களை நிலையாகப் பதியச் சொல்லும் கட்டளை, விட்டுப்போனது. அதுவரை மாற்றங்கள் ஒரு டிரான்சாக்ஷனுக்குள் (ஒன்றாகப் பதிய வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு) காத்திருக்கும். கமிட் சொல்லாமல் மூடினால் கைவிடப்படும்.

இரண்டாவது, ஃபைல் இருக்கும் இடம். பெயர் மட்டும் கொடுத்து கனெக்ட் செய்தால், புரோகிராமை எந்த ஃபோல்டரிலிருந்து ஓட்டுகிறீர்களோ அங்கே தேடும். இல்லையென்றால் பிழை சொல்லாது, புதிதாக ஒரு காலி டேட்டாபேஸை உருவாக்கிவிடும். காலி டேட்டாபேஸில் டேபிள் எப்படி இருக்கும்? கணினியில் தேடுங்கள், அதே பெயரில் 0 பைட் ஃபைல் ஒன்று எங்காவது உட்கார்ந்திருக்கும். முழுப் பாதையையும் எழுதுவதுதான் தீர்வு.

மூன்றாவது, அதே ஃபைலை டிபி பிரவுசரில் (எஸ்கியூலைட் ஃபைலைத் திறந்து பார்க்கும் புரோகிராம்) திறந்து எதையோ திருத்திவிட்டு சேமிக்காமல் விட்டிருப்பீர்கள். எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். பைதான் வழக்கமாக 5 விநாடி காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் கைவிரிக்கும். அங்கே "ரைட் சேஞ்சஸ்" அழுத்துங்கள், பூட்டு விடும்.

கேள்வி: இரவல் டேபிளில் வரும் உறுப்பினர் எண் உறுப்பினர் டேபிளில் இருக்க வேண்டும் என்று ஃபாரின் கீ போட்டும், இல்லாத உறுப்பினர் எண்ணை ஏற்றுக்கொள்கிறதே?

பதில்: எஸ்கியூலைட்டில் ஃபாரின் கீ சோதனை வழக்கமாக அணைந்தே இருக்கும். கனெக்ட் செய்ததும் "பிராக்மா ஃபாரின்_கீஸ் = ஆன்" என்று ஒரு வரி ஓட்டுங்கள்; ஒவ்வொரு கனெக்ஷனிலும் தனித்தனியாக ஓட்ட வேண்டும். எண் ஃபீல்டில் எழுத்தைப் போட்டாலும் எஸ்கியூலைட் வாங்கிக்கொள்ளும். 3.37 பதிப்பு முதல் கிரியேட் டேபிளின் கடைசியில் "ஸ்டிரிக்ட்" என்று சேர்த்தால் மறுத்துவிடும்.

கேள்வி: ஓ'பிரையன் என்ற பெயரைத் தேடினால் புரோகிராம் நின்றுவிடுகிறது. மேற்கோள் குறியை நீக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். குவெரி வாக்கியத்தோடு பெயரை ஒட்டுப்போட்டு எழுதியிருக்கிறீர்கள்; பெயரில் உள்ள குறி வாக்கியத்தை நடுவிலேயே முடித்துவிட்டது. இன்று நின்றது ஓர் அப்பாவிப் பெயரால். நாளை ஒருவர் வேண்டுமென்றே அந்த இடத்தில் தன் சொந்தக் கட்டளையை நுழைக்கலாம், அதுதான் எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன். மதிப்பு வரும் இடத்தில் கேள்விக்குறி போட்டு, மதிப்பைத் தனியாகக் கொடுங்கள்.

பைதானில் ஒரே மதிப்பு என்றால் அடைப்புக்குள் அதன் பின்னால் ஒரு காற்புள்ளி கட்டாயம். அது இல்லையென்றால் "மாலா" என்பதை எழுத்தெழுத்தாகப் பிரித்து, "1 தேவை, 4 வந்தது" என்ற பொருளில் பிழை காட்டும். இரண்டெழுத்துப் பெயரில் நான்கு எங்கிருந்து வந்தது? ம, துணைக்கால், ல, துணைக்கால்.

கேள்வி: "கோமதி" என்ற பெயர் டேபிளில் கண்ணெதிரே இருக்கிறது; தேடினால் வருவதில்லை. அகரவரிசையும் ஒழுங்காக இல்லை.

பதில்: யூனிகோடில் "கோ"வை இரண்டு விதமாக எழுதலாம்: க-வும் ஓகாரக் குறியும், அல்லது க, இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்றாக. திரையில் ஒன்றாகத் தெரியும், டேட்டாபேஸுக்கு வேறு வேறு. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் பைதானின் யூனிகோட்டேட்டா மாட்யூலில் என்எஃப்சி முறையில் நார்மலைஸ் செய்யுங்கள், இரண்டு விதமும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். "ஔ"வுக்குப் பதில் ஒ, ள என்று இரண்டெழுத்தாகத் தட்டியிருந்தால் மட்டும் இது உதவாது. அதை நீங்களே திருத்த வேண்டும்.

அகரவரிசைக் கோளாறுக்குக் காரணம், எஸ்கியூலைட் யூனிகோட் எண் வரிசையில் அடுக்குவது. அதில் ற, ர-வை ஒட்டியும் ன, ந-வை ஒட்டியும் நிற்கும்; ள, ழ-வுக்கு முன் வரும்; புள்ளி வைத்த "க்" என்பது "கௌ"வுக்கும் பின்னால் போகும். நம் வரிசைப்படி ஒப்பிடும் ஒரு ஃபங்ஷனை எழுதி, பைதானின் கிரியேட்_கொலேஷன் மூலம் பதிந்து, ஆர்டர் பை-யில் அதன் பெயரைச் சொல்லுங்கள்.

கேள்வி: பேக்கப்புக்கு ஃபைலை காப்பி செய்தால் போதுமா?

பதில்: யாரும் எழுதாத நேரத்தில் போதும். எழுதிக்கொண்டிருக்கும்போது எடுத்த காப்பி பாதியில் அறுந்ததாக இருக்கலாம். "வேக்கூம் இன்டூ" கட்டளையில் புது ஃபைல் பெயரைக் கொடுங்கள். முழுமையான நகல் கிடைக்கும். நகலைத் திறந்து இரவல் டேபிளில் எத்தனை வரி என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.