தண்ணீரை எங்கே வைத்திருக்கின்றன? பாலைவன விலங்குகள் பற்றிப் பிள்ளைகளின் கேள்விகள்

இந்தத் தடவை வந்த கேள்விகளை ஒன்றாக வைத்துப் படித்தேன். பாதிக்கு மேல், "அந்த விலங்கு தண்ணீரை எங்கே சேர்த்து வைக்கும்?" என்றுதான் கேட்கின்றன. ஆறும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அப்படித்தான் தோன்றும். மேட்டூரில் தேக்கி வைத்தால் ஜூன் 12-ல் திறந்துவிடலாம் என்பதுதானே நம் கணக்கு. பாலைவனத்தில் வரவே மிகக் குறைவு. அங்கே உள்ள உயிர்கள் செலவைத்தான் இறுக்கிப் பிடிக்கின்றன. வியர்வை, மூச்சு, சிறுநீர், சாணம் என்று உடம்பிலிருந்து தண்ணீர் போகிற வழிகள் நாலைந்துதான். எந்த விலங்கு எந்த வழியை அடைக்கிறது என்று பார்த்துக்கொண்டே படியுங்கள்.

ஒட்டகம் திமிலில் தண்ணீர் வைத்திருக்கிறது என்று எங்கள் வகுப்பில் எல்லாரும் சொல்கிறார்கள். நிஜமா சார்?
(திருவையாறு, 6-ம் வகுப்பு)

இல்லை தம்பி, திமிலில் இருப்பது கொழுப்பு. நம் ஊர்க் காளைக்கும் திமில் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் தசை. ஒட்டகத்தின் திமில் ஒரு சாப்பாட்டு மூட்டை. தீனி கிடைக்காத நாட்களில் அது கரைந்து, திமில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். கொழுப்பெல்லாம் முதுகில் ஒரே இடத்தில் இருப்பதிலும் ஒரு லாபம் இருக்கிறது. உடம்பு முழுக்கப் பரவியிருந்தால் கம்பளி போர்த்திய மாதிரி ஆகி, உள்ளே இருக்கிற சூடு வெளியே போகாது.

தண்ணீர் விஷயத்தில் ஒட்டகம் என்ன செய்கிறது என்பதை 1950-களில் க்னூட் ஷ்மிட்-நீல்சன் என்ற விஞ்ஞானி சகாராவுக்கே போய் அளந்து பார்த்தார். நமக்கு உடம்புச் சூடு 37 டிகிரியைக் கொஞ்சம் தாண்டினாலே வியர்க்கும். தாகத்தில் இருக்கிற ஒட்டகமோ விடியற்காலையில் 34 டிகிரியில் இருந்து, பிற்பகலில் 40 டிகிரிக்கு மேல் ஏறும் வரை அப்படியே விட்டுவிடுகிறது. அதுவரை வியர்வை அதிகம் கிடையாது. ராத்திரிக் குளிரில் அந்தச் சூடு தானாக இறங்கிவிடும். நமக்கு 40 டிகிரி என்றால் அப்பா உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்!

சாணத்தையும் சொல்ல வேண்டும். அப்பாயி மாட்டுச் சாணத்தை வறட்டி தட்டிச் சுவரில் ஒட்டி, எத்தனை நாள் காயவைக்கிறார் பார். ஒட்டகத்தின் சாணம் விழும்போதே அவ்வளவு வறண்டிருக்கும், சீக்கிரமே அடுப்பெரிக்கலாம். அதில் போக வேண்டிய ஈரத்தைக் குடலே உறிஞ்சிக்கொள்கிறது.

இப்படியெல்லாம் இருந்தும் எடையில் கால் பங்கு வரை குறைந்துபோகும் அளவுக்குத் தண்ணீரை இழந்து அதனால் தாங்க முடியும். நாம் பத்தில் ஒரு பங்கு இழந்தாலே உயிருக்கு ஆபத்து. அப்புறம் தண்ணீரைப் பார்த்ததும் கால் மணி நேரத்துக்குள் 100 லிட்டர், அதாவது ஏழெட்டுக் குடம் குடித்துவிடும். வேறு விலங்காக இருந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் ஊறி வெடித்துவிடும். ஒட்டகத்தின் சிவப்பணுக்கள் நீள்வட்டமாக இருக்கும், நன்றாக உப்பினாலும் உடையாது.

ஊர் ஊராக ஒட்டகத்தைக் கூட்டிவந்து பிள்ளைகளை ஏற்றிச் சுற்றுவார்களே, அடுத்த தடவை உன் தெருவுக்கு வந்தால் மூக்கை உற்றுப் பார். துளை வட்டமாக இல்லாமல் கத்தியால் கீறினாற்போல் இருக்கும். மணல் பறந்தால் அந்தக் கீறலை இறுக மூடிக்கொள்ளும். கண்ணிமை முடியும் இரண்டு வரிசை இருக்கும்.

தண்ணீரே குடிக்காத விலங்கு உண்டா?
(நீடாமங்கலம், 7-ம் வகுப்பு)

உண்டு. அமெரிக்கப் பாலைவனங்களில் வாழும் கங்காரு எலி. காய்ந்த விதைதான் அதன் உணவு. வாழ்நாள் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் அதனால் இருக்க முடியும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சாப்பிட்ட விதையிலிருந்தே. மாவுச்சத்து உடம்புக்குள் ஆக்சிஜனோடு சேர்ந்து எரியும்போது தண்ணீர் உண்டாகிறது. 100 கிராம் மாவுச்சத்துக்குச் சுமார் 55 கிராம் தண்ணீர். நாம் சோறு சாப்பிட்டாலும் இதேதான் நடக்கிறது, ஆனால் நாம் மூச்சிலும் வியர்வையிலும் அதைவிடப் பல மடங்கு விட்டுவிடுகிறோம். ஒரு குளிர்ந்த எவர்சில்வர் டம்ளரில் மூச்சை ஊதிப் பார். பனி படிந்த மாதிரி மங்கும். அது உன் உடம்புத் தண்ணீர். கங்காரு எலியின் மூக்கின் உட்பக்கம் அந்த டம்ளர் மாதிரியே குளிர்ந்திருக்கும். வெளியே போகிற மூச்சின் ஈரம் அங்கேயே படிந்துவிடுகிறது, எலி அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. சிறுநீரும் ரொம்பக் கொஞ்சம்தான், கெட்டியாக இருக்கும்.

இன்னொரு தந்திரம் நம் வரப்பிலேயே இருக்கிறது. எலி வளையின் வாய் புதுமண்ணால் அடைபட்டிருப்பதைப் பார்த்திருப்பாய். கிட்டி வைக்கிறவர்கள் அந்தப் புதுமண்ணைப் பார்த்துத்தான் எலி உள்ளே இருக்கிறது என்று கண்டுகொள்வார்கள். கங்காரு எலியும் பகலில் இப்படி அடைத்துக்கொண்டு உள்ளே கிடக்கும். மேலே மணல் கொதிக்கும், உள்ளே காற்று ஈரமாக இருக்கும். சேர்த்து வைத்த விதைகளும் அந்த ஈரத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும்.

பாலைவன நரிக்கு ஏன் அவ்வளவு பெரிய காது?
(கும்பகோணம், 4-ம் வகுப்பு)

சகாராவின் ஃபென்னெக் நரியைக் கேட்கிறாய். ஆள் ஒன்று, ஒன்றரைக் கிலோதான். காது 15 சென்டிமீட்டர் வரை வளரும். மெல்லிய காதில் ஓடும் ரத்தக்குழாய்கள் வழியாக உடம்புச் சூடு காற்றில் போய்விடும். மணலுக்கடியில் பூச்சி நகர்கிற சத்தமும் அந்தக் காதுக்குக் கேட்கும். பாதத்தின் அடியிலும் முடி இருப்பதால் சுடாது.

எங்கள் குளம் வற்றினால் நத்தையெல்லாம் எங்கே போகிறது? பாலைவனத்தில் நத்தை இருக்குமா?
(திருத்துறைப்பூண்டி, 8-ம் வகுப்பு)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். சித்திரை வெயிலில் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது ஒரு வெடிப்பின் ஓரத்தை மண்வெட்டியால் பெயர்த்துப் பார். அதிர்ஷ்டம் இருந்தால் எலுமிச்சை அளவில் ஒரு நத்தை கிடைக்கும். கையில் எடுத்தால் கூழாங்கல் மாதிரி அசைவே இருக்காது. வாயைக் கெட்டியான மூடியால் இறுக்கிச் சாத்தியிருக்கும். வாளித் தண்ணீரில் போட்டுவிட்டுக் காத்திரு. மூடி மெல்ல நகரும், பிறகு இரண்டு கொம்பு எட்டிப் பார்க்கும். பார்த்த பிறகு எடுத்த இடத்திலேயே விட்டுவிடு. கோடையைத் தூங்கிக் கழிப்பதைக் கோடை உறக்கம் என்கிறோம். அந்த நாட்களில் தீனியும் கிடையாது, நடமாட்டமும் கிடையாது. மூச்சு மட்டும் கொஞ்சம்போல ஓடும்.

பாலைவன நத்தையும் இதையே வருடக்கணக்கில் செய்யும். 1846-ல் எகிப்திலிருந்து வந்த ஒரு நத்தையை, செத்துவிட்டது என்று நினைத்து, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஓர் அட்டையில் பசை போட்டு ஒட்டி வைத்தார்கள். நாலு வருடம் கழித்து, 1850-ல், ஓட்டின் வாயில் புதிதாகச் சளி படிந்திருப்பதை யாரோ கவனித்தார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டதும் நத்தை வெளியே வந்து நடந்தது.

தோலால் தண்ணீர் குடிக்கும் பல்லி இருக்கிறதாமே?
(மயிலாடுதுறை, 6-ம் வகுப்பு)

ஆஸ்திரேலியாவின் முள் பல்லி. வேட்டி நுனி தண்ணீரில் பட்டால் ஈரம் மேலே ஏறி வருமே, அதே மாதிரிதான். அதன் செதில்களுக்கு நடுவே முடி அளவு வாய்க்கால்கள் ஓடுகின்றன. ஈர மணலில் காலை வைத்தால் போதும், தண்ணீர் அந்த வாய்க்கால் வழியாக வாய் வரை வந்துவிடும். குடிப்பது வாயால்தான், கொண்டுவந்து சேர்ப்பதுதான் தோல்.

ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்தில் ஒரு கறுப்பு வண்டு உண்டு. கடலிலிருந்து மூடுபனி வரும் காலையில் மணல் மேட்டு உச்சிக்கு ஏறி, தலையைக் கீழே சாய்த்து நிற்கும். மார்கழியில் நாற்றின் நுனியில் பனி கோத்து நிற்பதைப்போல அதன் முதுகில் துளிகள் சேரும். சேர்ந்து உருண்டு நேராக வாய்க்கு வரும்.

பாலைவன விலங்கு ஏதாவது நம் பக்கத்தில் இருக்கிறதா? ஒட்டகத்தை இங்கே வளர்க்கலாமா?
(வேதாரண்யம், 7-ம் வகுப்பு)

முதல் கேள்விக்கு விடை உன் ஊருக்குப் பக்கத்திலேயே. கோடியக்கரை சரணாலயம் 1967-ல் அமைந்ததே வெளிமானுக்காகத்தான். அதே மான் ராஜஸ்தானின் தால் சாப்பர் புல்வெளியிலும் இருக்கிறது. ஆனால் வறண்ட புல்வெளிதான் அதன் இடம், முழுப் பாலைவனம் இல்லை. வெளிமானுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும். தார் பாலைவனத்தின் சிங்காரா மான் இலையின் ஈரத்தையும் பனித்துளியையும் வைத்தே நீண்ட நாள் ஓட்டிவிடும்.

ஒட்டகம் நம் சேற்றுக்கு ஆகாது. அகன்ற மெத்துப் பாதம் மணலில் புதையாது, ஆனால் நடவு வயலில் வழுக்கிவிடும். ஈரமான இடத்தில் கடிக்கும் ஈக்களால் வரும் சர்ரா நோயும் அதைப் படுத்தும். சொந்த ஊரிலேயே அது குறைந்து வருவதுதான் எனக்குக் கவலை. இந்தியாவில் 2012-ல் 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019 கணக்கெடுப்பில் இரண்டரை லட்சமாகிவிட்டன.

பறவை பறந்துபோய்த் தண்ணீர் குடித்துவிடும். பறக்கத் தெரியாத குஞ்சு என்ன செய்யும்?
(பட்டுக்கோட்டை, 5-ம் வகுப்பு)

பாப்பா, இது பெரிய ஆட்களே ரொம்ப நாள் நம்ப மறுத்த விஷயம். கல்கௌதாரி என்ற பாலைவனப் பறவை தரையில் முட்டையிடும், தண்ணீர் இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளிக்கூட இருக்கும். தஞ்சாவூரிலிருந்து பாபநாசம் போகிற தூரம். அப்பா பறவை காலையில் அங்கே போய்த் தண்ணீரில் வயிற்றை அழுத்தி உட்கார்ந்து, உடம்பை ஆட்டி ஆட்டி நனைத்துக்கொள்ளும். அதன் வயிற்று இறகுகளில் சுருள் சுருளான இழைகள் உண்டு, அவை பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்.

1896-ல் மீட்-வால்டோ என்பவர் இதைப் பார்த்து எழுதினார். பலர் ஒப்புக்கொள்ளவில்லை. 1967-ல்தான் கேட், மக்லீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அது உண்மை என்று உறுதி செய்தார்கள். அப்பா வந்து நிமிர்ந்து நின்றதும் குஞ்சுகள் ஓடிவந்து, கன்றுக்குட்டி மடியை முட்டுகிற மாதிரி வயிற்றடியில் தலையை நுழைத்து, ஒவ்வோர் இறகாக அலகில் பிடித்து உருவிக் குடிக்கும்.