ஏற்காடு பழங்குடியினர் தொகுதியாக இருக்கிறதே, அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களின் கோயில்காட்டுக்கு உரிமை வாங்குவது எப்படி?

எம்.எல்.ஏ.வை நம்பி இருந்தால் நடக்காது. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை ஏற்காடும் சேந்தமங்கலமும்தான். எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் கேட்கலாம், அதிகாரிகளை நெருக்கலாம். உரிமை கோரும் வேலையை 2006 வன உரிமைச் சட்டம் கிராமசபையிடம் கொடுத்திருக்கிறது.

முதலில் நிலம் யாருடையது என்று வருவாய்ப் பதிவேட்டில் பாருங்கள். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்த பிறகு, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் நிறைய நிலம் எஸ்டேட் கைக்குப் போனது. சாமி மரம் பட்டா நிலத்துக்குள் நின்றால் இந்தச் சட்டம் உதவாது. வன நிலம் என்றால், காப்புக்காடானாலும் கோரலாம்.

காரியம் பெரும்பாலும் கெடுவது கிராமசபையில்தான். உறுப்பினர்களில் பாதிப்பேர் வரவேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பல மலைக்கிராமங்களைச் சேர்த்து ஊராட்சி அளவில் கூட்டினால் அத்தனை பேர் எங்கே ஏறி வருவார்கள்? குக்கிராம அளவில் கூட்டச் சொல்லி மத்திய பழங்குடியினர் நல அமைச்சகத்தின் 2012 வழிகாட்டுதல் இருக்கிறது. அதைக் காட்டிக் கேளுங்கள். அந்தச் சபை 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்கவேண்டும்.

'ஏ' படிவம் தனிநபர் நிலத்துக்கானது, அதில் கோயில்காட்டை எழுதாதீர்கள். வழிபாடு, மேய்ச்சல், சிறுவனப் பொருள் போன்ற சமூக உரிமைகளுக்கு 'பி' படிவம். ஊரின் மரபு எல்லைக்குட்பட்ட காட்டைக் காத்து நிர்வகிக்க 'சி' படிவம். இரண்டையும் போடுவது நல்லது.

சான்று என்றதும் பத்திரம் தேடி அலையவேண்டாம். சாமி மரம், குளம், புதைகாடு, பழைய கிணறு எல்லாமே இந்தச் சட்டத்துக்கான விதிகளில் 13-ஆம் விதிப்படி சான்றுதான். ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதுவும் செல்லும். ஒன்றுக்கு மேற்பட்ட சான்று கட்டாயம். வரைபடத்தில் ஓடை, பாறை, பாதையின் பெயர்களை ஊர் வழக்கிலேயே குறியுங்கள். பக்கத்து ஊரும் அதே காட்டைக் கோரினால் இரண்டு குழுக்களும் கூடிப் பேசி, முடிவை எழுத்தில் வைக்கவேண்டும். திருவிழாவுக்கு இரண்டு ஊர் சேர்ந்து வரும் கோயில்களில் இதை முன்கூட்டியே முடிப்பது புத்திசாலித்தனம்.

கிராமசபைத் தீர்மானத்தை, அடுத்த கட்டமாகப் பரிசீலிக்கும் உட்கோட்டக் குழுவுக்கு அனுப்பும்போது நகலில் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். இறுதி முடிவு கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுடையது. கிராமசபையோ உட்கோட்டக் குழுவோ எடுத்த முடிவு பாதகமாக இருந்தால் மேல்முறையீட்டுக்கு 60 நாள் அவகாசம். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும், வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள்.