1917-ல அமெரிக்க நேவில சேர்ந்த "யோமன்"னா யாரு, லொரெட்டா வால்ஷ் என்ன வேலை பார்த்தாங்க?

நம்ம போலீஸ் ஸ்டேஷன்ல ரைட்டர்னு ஒருத்தர் இருப்பார்ல, அவரும் போலீஸ்தான் ஆனா கையில லத்திக்குப் பதிலா பேனாவும் ரிஜிஸ்டரும் இருக்கும், நேவில அந்த ரைட்டர்தான் யோமன். கடிதம், சம்பளக் கணக்கு, ஆள் பதிவுன்னு எல்லாம் அவங்க கைவழியாதான் போகும்.

முதல் உலகப்போர்ல அமெரிக்கா இறங்கப்போற நேரம், கப்பலுக்குப் போகவேண்டிய ஆம்பளைங்க கரையில ஆபீஸ்ல ஃபைல் பார்த்துட்டு இருந்தாங்க. அப்போ நேவி செகரட்டரி (நம்ம ஊர் அமைச்சர் மாதிரி) ஜோசஃபஸ் டேனியல்ஸ், 1916 ரிசர்வ் (தேவைப்படும்போது கூப்பிட்டுக்கிற துணைப்படை) சட்டத்துல ஆண்கள்தான்னு எங்கயும் எழுதலையேன்னு பெண்களையும் சேர்க்கச் சொல்லிட்டார். அப்படி 1917 மார்ச்ல முதல்ல சேர்ந்தவங்கதான் லொரெட்டா வால்ஷ், வயசு 20, சீஃப் யோமன் பதவி. பின்னாடியே 11,000-க்கும் மேல பெண்கள் வந்தாங்க, அதே பதவில இருந்த ஆம்பளைக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம், அப்போ நாடு முழுக்க பெண்களுக்கு ஓட்டுரிமைகூட வரலங்க!

இன்னொன்னு, யோமன் எல்லாரும் ஏதாவது ஒரு கப்பல் கணக்குல இருக்கணும்னு விதி, ஆனா பெண்கள் கடலுக்குப் போகக்கூடாது, அதனால போடோமாக் ஆத்து அடியில கிடந்த இழுவைப் படகுகள்ல வேலை பார்க்கிறதா பேப்பர்ல எழுதிக்கிட்டாங்க.

லொரெட்டா 1925-ல காசநோயில 29 வயசுலயே போயிட்டாங்க, படிக்கும்போதே மனசு கனத்துடுச்சு.

நேவில வேலை பார்த்த முதல் பெண்ணே இவங்கதான்னு பலர் எழுதுறாங்க, அது தப்பு, நர்ஸுங்க 1908-லயே இருந்தாங்க, நர்ஸ் அல்லாம முறைப்படி படையில சேர்ந்த முதல் பெண்தான் இவங்க.