ரோம் நகரத்து நீரூற்று ஒன்றில் நம் கங்கையும் இருக்கிறதாமே, உண்மையா? அதன் பொருள் என்ன?

உண்மைதான். நவோனா சதுக்கத்தின் நடுவே இருக்கும் 'நான்கு நதிகள்' நீரூற்றுதான் அது. போப் பத்தாம் இன்னொசென்ட்டுக்காக சிற்பி பெர்னினி வடிவமைத்தார், 1651-இல் திறந்தார்கள். கண்டத்துக்கு ஒன்றாக நைல், கங்கை, டான்யூப், தென் அமெரிக்காவின் லா பிளாட்டா என நான்கு நதிகளும் மனித உருவச் சிலைகளாக இருக்கின்றன.

நமக்குக் கங்கை தாய். அங்கே நீண்ட தாடியுள்ள ஆண், ஐரோப்பிய மரபின்படி. கையில் பெரிய துடுப்பு: படகு ஓடும் ஆறு என்று பொருள். நைலின் தலையைத் துணி மூடியிருக்கும். அது பிறக்கும் இடம் ஐரோப்பியர்களுக்கு அன்று தெரியாது. எனக்கு மிகவும் பிடித்த குறியீடு இதுதான். லா பிளாட்டா கையைத் தூக்கி அஞ்சுவது, எதிரே கட்டடக் கலைஞர் பொரோமினி கட்டிய தேவாலயம் இடிந்து விழுமோ என்றுதான் என்பார்கள். வெறும் கதை, தேவாலய வேலை தொடங்கியதே 1652-இல்.

நடுவில் ரோமப் பேரரசர் டொமிஷியன் காலத்துக் கல்தூண். கீழே பாறையை நாலாபுறமும் குடைந்திருப்பதால், அவ்வளவு கனமும் அந்தரத்தில் நிற்பதுபோல் தெரியும். உச்சியில் ஆலிவ் கிளையோடு ஒரு புறா: சமாதானத்தின் அடையாளம், போப்பின் பம்ஃபிலி குடும்பச் சின்னமும்கூட.

அப்புறம், இதையும் சொல்ல வேண்டும். இது உருவான ஆண்டுகளில் ரோமில் தானியப் பஞ்சம். "தூணும் நீரூற்றும் வேண்டாம், ரொட்டி கொடுங்கள்" என்று மக்கள் எழுதி ஒட்டினார்கள்.