முகம் காட்டாத படத்தை போர்ட்ரெய்ட் என்று சொல்ல முடியுமா?

கேள்வி இது: "பால்புதுமையர் (தன்பாலீர்ப்புள்ளவர்கள், திருநர்கள் போன்றோர்) காதலைப் பற்றி ஒரு போர்ட்ரெய்ட் தொடர் எடுக்கிறேன். வரச் சம்மதித்த 5 ஜோடிகளில் 4 ஜோடிகள் முகம் தெரியக் கூடாது என்கிறார்கள். முகம் இல்லாமல் எடுத்தால் போர்ட்ரெய்ட் ஆகுமா? அவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது?"

ஆகும். இரண்டாவது கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

கேள்வியைப் படித்தால் நீங்கள் விஸ்காம் (காட்சித் தொடர்பியல் படிப்பு) கடைசி வருடம் என்று தோன்றுகிறது. பிராஜெக்ட் கொடுக்கும் தேதி நெருங்கியிருக்கும். "கண்ணே தெரியவில்லை, உணர்ச்சி எங்கே?" என்று ஆசிரியர் கேட்டிருப்பார். தவறாக ஊகித்திருந்தால் மன்னிக்கவும்.

நான் 24 வருடமாக ஒரு சிறிய ஊரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ், இதுதான் பிழைப்பு. நீங்கள் படம் எடுக்கப் போகும் சமூகத்தைச் சேர்ந்தவன் இல்லை நான். அவர்கள் சார்பாகப் பேசவும் வரவில்லை. உனக்கு என்ன தெரியும் என்று சிலர் கேட்பார்கள், கேட்கட்டும். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு படம். அந்தப் படத்தை வைத்து நான் செய்த தவறு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவரைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

2012 வாக்கில் ஒரு மதியம், கடையில் கூட்டம் இல்லாத நேரம், இரண்டு பெண்கள் வந்தார்கள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியை, இன்னொருவர் ஜவுளிக்கடையில் வேலை. ஒரே நிறத்தில் சேலை கட்டியிருந்தார்கள். "ஃப்ரெண்ட்ஸ் போட்டோ ஒண்ணு எடுக்கணும்ணே" என்றார்கள். பேக்டிராப் முன்னால் நிற்க வைத்தேன். தோளில் கை போடச் சொன்னேன், விறைப்பாக நின்றார்கள். சிரிக்கச் சொன்னேன், பல் தெரிந்ததே தவிர சிரிப்பு வரவில்லை. நாலைந்து படம் எடுத்தேன். எல்லாம் அடையாள அட்டைப் படம் மாதிரி இருந்தது.

சரி, லைட்டைக் கொஞ்சம் இறக்கலாம் என்று திரும்பினேன். அந்த இடைவெளியில் ஜவுளிக்கடைப் பெண்ணின் தலையிலிருந்து பூ நழுவியது. ஆசிரியை ஹேர்பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் பூவைத் தூக்கிச் செருகிக்கொண்டிருந்தார். மற்றவர் கண்ணை மூடி, தலையை அவர் பக்கம் சாய்த்துக் கொடுத்துவிட்டு நின்றார். அவ்வளவுதான். தினமும் எத்தனையோ வீட்டில் நடக்கிற காரியம். ஆனால் அந்தத் தலை சாய்ந்த விதம் எனக்கு ஏதோ செய்தது. ஒரே ஒரு கிளிக்.

இத்தனை வருடத்தில் நான் எடுத்த சிறந்த போர்ட்ரெய்ட் அதுதான். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவர்கள் கேட்ட சைஸில் இரண்டு காப்பி கொடுத்தேன். பிறகு எனக்காக 12க்கு 18 அங்குல அளவில் மேட் பிரிண்ட் போட்டு, பிரேம் செய்து, வாசல் ஷோகேஸில் வைத்தேன். அவர்களிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. நல்லா வந்த படத்தை ஷோகேஸில் வைப்பது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்ததுதான், என் அப்பாவும் செய்தார். குழந்தையின் படத்தை வைத்தால் பெற்றோர் சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து காட்டுவார்கள். அந்தப் பழக்கத்தில் வைத்தேன். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

மூன்று வாரம் படம் அங்கே இருந்தது. ஒருநாள் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க ஒருவர் வந்தார். வெளியே போகும்போது ஷோகேஸ் முன்னால் நின்றுவிட்டார். "தம்பி, இது எங்க அண்ணன் பொண்ணு. பக்கத்துல யாரு?" என்று கேட்டார். நான் பெருமையாக, "ரெண்டு பேரும் சேர்ந்து வந்து எடுத்துக்கிட்டாங்கண்ணே, போன மாசம். எப்படி வந்திருக்கு பாருங்க" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். என்ன செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு மெதுவாக உறைத்தது.

அந்த வீட்டில் ஏற்கெனவே சந்தேகம் இருந்திருக்கிறது. இருவரும் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். போன மாதம் எடுத்தது என்று நான் என் வாயாலேயே சொல்லிவிட்டேன். ஆசிரியையின் வேலையை நிறுத்தினார்கள், போனைப் பிடுங்கினார்கள், வெளியூரில் ஒரு உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. ஜவுளிக்கடைப் பெண் ஒரு சாயங்காலம் கடைக்கு வந்தார். படத்தை அதற்குள் நான் எடுத்துவிட்டிருந்தேன். காலியான ஆணியைப் பார்த்தார். "எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே" என்றார். போய்விட்டார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, மற்றவர்கள் எப்படி எடுத்தார்கள் என்று தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். சுனில் குப்தாவின் படங்களை நீங்கள் பார்த்தே ஆக வேண்டும். 1953இல் டெல்லியில் பிறந்து, கனடா போய், லண்டனில் வேலை செய்தவர். 1976இல் நியூயார்க் கிறிஸ்டோபர் தெருவில் தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் பகலில், கூசாமல் நடந்து போவதை எடுத்தார். பத்து வருடம் கழித்து டெல்லிக்கு வந்து 'எக்ஸைல்ஸ்' தொடரை எடுத்தபோது அந்த வசதி கிடையாது. தன்பாலீர்ப்பு உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு இருந்தது, ஆயுள் தண்டனை வரை போகலாம். ஹுமாயூன் கல்லறை, இந்தியா கேட் என்று எல்லாருக்கும் தெரிந்த இடங்களில் ஆட்களை நிறுத்தினார். பல படங்களில் முகம் திரும்பியிருக்கும், அல்லது பிரேமுக்கு வெளியே போயிருக்கும். படத்தோடு அவர்களுடைய பேச்சு இரண்டொரு வரி. முகம் இல்லாத அந்த முதுகைப் பார்த்தாலே அந்த ஊர், அந்தக் காலம், அந்தப் பயம் எல்லாம் தெரிகிறது. இது போர்ட்ரெய்ட் இல்லை என்று யார் சொல்வார்கள்?

தயானிதா சிங் கதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1989இல் ஒரு லண்டன் பத்திரிகைக்காக டெல்லியில் மோனா அகமது என்ற ஹிஜ்ராவை (வடக்கே திருநங்கையரை அப்படிச் சொல்வார்கள்) படம் எடுத்தார். படங்கள் பிரிட்டனில் வெளியாகும் என்று தெரிந்ததும், அங்கே என் உறவினர்கள் இருக்கிறார்கள், பிலிம் ரோலைக் கொடுத்துவிடு என்று மோனா கேட்டார். தயானிதா கொடுத்துவிட்டார். எடுத்த வேலையை அப்படியே கையில் கொடுத்துவிட்டார்! அதற்குப் பிறகு 2017இல் மோனா இறக்கும் வரை இருவருக்கும் இருந்த நட்பில்தான் அத்தனை படங்களும் வந்தன. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ரோலைத் திருப்பிக் கொடுத்தவர் ஒருவர், கேட்காமலே ஷோகேஸில் மாட்டியவன் நான்.

அப்படியென்றால் முகமே காட்டக் கூடாதா என்று கேட்காதீர்கள், நான் அப்படிச் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவின் ஜனேலே முஹோலி இதற்கு நேர் எதிரான பக்கம் நிற்கிறார். (தன்னை ஆண் என்றோ பெண் என்றோ குறிப்பதை விரும்பாதவர். தமிழில் நமக்குச் சிக்கலே இல்லை, 'அவர்' இருக்கிறது.) 2006இல் கறுப்பின லெஸ்பியன்களையும் திருநர்களையும் கறுப்பு வெள்ளையில், நேராகக் கேமராவைப் பார்க்கவைத்து எடுக்கத் தொடங்கினார். இன்று 500 படங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அதே 2006இல்தான் அந்த நாட்டில் ஒருபாலினத் திருமணம் சட்டமானது. சட்டம் வந்தும் கறுப்பின லெஸ்பியன்கள் கொல்லப்படுவது நிற்கவில்லை. நாங்கள் இல்லவே இல்லை என்று யாரும் ஆக்கிவிட முடியாது என்று அவர்களே விரும்பி வந்து முகம் காட்டினார்கள். படத்தில் இருப்பவர்களை அவர் 'பங்கேற்பாளர்கள்' என்றுதான் சொல்கிறார். காட்சிக்கு வைக்கும்போது வரிசையில் சில இடங்களைக் காலியாக விடுவார். இப்போது இல்லாதவர்களுக்கும், இனி எடுக்க வேண்டியவர்களுக்குமான இடம் அது. அந்தக் காலி இடத்தையும் நான் போர்ட்ரெய்ட் என்றே சொல்வேன்.

முஹோலியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தன்னைத்தானே எடுத்த படங்களில் கான்ட்ராஸ்டைக் கூட்டித் தன் தோலை இன்னும் கறுப்பாகக் காட்டுகிறார். நான் செய்யும் வேலை இதற்குத் தலைகீழ். ஒவ்வொரு கல்யாண ஆல்பத்துக்கும் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இருவருமே "கொஞ்சம் கலர் ஏத்துங்க தம்பி" என்கிறார்கள். மாநிறத்தில் அவ்வளவு அழகாக இருந்த ஒரு பெண்ணை, அவள் அம்மா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஆக்கிக் கொடுத்திருக்கிறேன். மறுத்தால் மிச்சப் பணம் வராது. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் எனக்கு ரொம்ப நாளாக வலிக்கிற விஷயம்.

அப்புறம், கூவாகம் போய்ப் படம் எடுத்துத் தொடரில் சேர்க்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஒருமுறை சித்திரையில் நண்பர்களோடு போயிருக்கிறேன். தாலி அறுக்கும் காலையில், அழுதுகொண்டிருந்த ஒரு திருநங்கை கையால் முகத்தை மறைத்தார். சுற்றி நின்ற லென்ஸ்களில் ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். அந்தக் கை என்ன சொன்னது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வேலை விஷயம் கொஞ்சம். ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தி, வெளி வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷர் வையுங்கள். ஆட்கள் இருண்டு உருவம் மட்டும் நிற்கும், கன்னத்தின் ஓரத்தில் ஒரு கோடு வெளிச்சம் விழும். அதுவே போதும். கைகளை எடுத்தால் 85 எம்.எம். லென்ஸில் அப்பெர்ச்சரை ரொம்பத் திறக்காதீர்கள். ஒருவர் விரல் துல்லியமாக, மற்றவர் விரல் மங்கலாக வந்தால் ஒருவரை விட்டுவிட்ட மாதிரி ஆகிவிடும். பின்கழுத்து, காது, ஒருவர் சட்டைப் பொத்தானை மற்றவர் போட்டுவிடுவது, இவையெல்லாம் முகத்தைவிடக் குறைவாகப் பேசாது.

முகத்தை மறைத்துவிட்டோம் என்று நிம்மதியாகவும் இருக்காதீர்கள். பச்சை குத்தியது, மோதிரம், ஜன்னல் கம்பியின் டிசைன், சுவரில் தொங்கும் ஜவுளிக்கடை காலண்டர் என்று எல்லாம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். காலண்டரில் ஊர் பெயரே இருக்கும். போனில் எடுத்தால் இடத்தின் விவரம் ஃபைலுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும், அழித்துவிட்டு அனுப்புங்கள். பிரிண்டில் வெட்டிய முகம் உங்கள் ஹார்ட் டிஸ்கில் முழுதாக இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். 2012இல் முஹோலியின் கேப்டவுன் வீட்டில் திருடர்கள் புகுந்து 20க்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்குகளை எடுத்துப் போனார்கள். பல வருட உழைப்பு அது. எத்தனை பேருடைய முகம் அதில் இருந்திருக்கும்! எழுதி வாங்கும் சம்மதத்தில், எப்போது வேண்டுமானாலும் படத்தைத் திரும்பப் பெறலாம் என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள்.

காலம் மாறிவிட்டது, இனி பயம் எதற்கு என்பவர்களும் உண்டு. 2018 செப்டம்பர் 6 அன்று தன்பாலீர்ப்பு உறவு இனி 377இன்படி குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது உண்மை. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கில் 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவால் போலீஸ் தொல்லை குறையும் வழி பிறந்ததும் உண்மை. தன்பாலீர்ப்பு என்ற சொல்லே எனக்கு அந்தச் செய்திகளில்தான் பழக்கமானது. ஆனால் அவர்கள் ஓடிவரக் காரணம் 377 இல்லை, வீடு. என் ஷோகேஸ் முன்னால் நின்றவரும் போலீஸ்காரர் இல்லை, சித்தப்பா.

2019இல் ஜவுளிக்கடைப் பெண் திரும்ப வந்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை. "அந்தப் பெரிய படம் இருக்காண்ணே?" என்றார். இருந்தது. தூக்கி எறியவும் மனம் வரவில்லை, பார்க்கவும் தைரியம் இல்லை, துணி சுற்றிப் பரணில் போட்டிருந்தேன். ஏணி போட்டு எடுத்துக் கொடுத்தேன். பிரேம் ஓரத்தில் கரையான் தொட்டிருந்தது, படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். இருவரும் இப்போது சேர்ந்து இருக்கிறார்களா என்று நான் கேட்கவில்லை. "அவளுக்குக் காட்டணும்" என்று மட்டும் அவராகச் சொன்னார்.

பேப்பர் சுற்றப் போனேன். "பஸ்ஸுல போகணும்ணே, படம் உள்பக்கமா வர்ற மாதிரி கட்டுங்க" என்றார். அப்படியே அட்டை வைத்துக் கட்டிக் கொடுத்தேன். ஃபைலையும் அவர் கண் முன்னாலேயே சிடியில் போட்டுக் கொடுத்துவிட்டு, என் கம்ப்யூட்டரில் அழித்தேன். காசு வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. "இது எங்க படம்ணே, நாங்க வாங்கிக்கிறோம்" என்று 300 ரூபாயை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.