பணம் கொடுப்பதற்கான ஆங்கிலக் கூட்டுவினைகள் (வினையோடு 'ஆஃப்', 'பேக்' போன்ற சிறுசொல் சேர்ந்தவை): கேள்வி பதில்

கேள்வி: 'பே பேக்', 'பே ஆஃப்' இரண்டும் கடனைத் திருப்பித் தருவதுதானே?

பதில்: 'பே பேக்' என்பது வாங்கிய இடத்துக்கே பணம் திரும்பிச் செல்வதைக் குறிப்பதால், பாதித் தொகையைக் கொடுத்தபோதும் அதைச் சொல்லலாம். 'பே ஆஃப்' என்றால் கடன் முழுவதும் அடைந்துவிட்டது என்று பொருள். இடையில் அசலைச் சிறிது சிறிதாகக் குறைத்து வருவதற்கு 'பே டவுன்' இருக்கிறது. வீட்டுக் கடனில் பாதித் தவணைகளைக் கட்டியவர் 'ஐ ஹாவ் பெய்ட் ஆஃப் மை மார்ட்கேஜ்' என்று எழுதினால், படிப்பவர் அவருக்குக் கடனே இல்லை என்று எடுத்துக்கொள்வார். 'இட்' வந்தால் நடுவில்தான் வரும்: 'பே இட் ஆஃப்'. 'பே ஆஃப் இட்' என்று ஒருபோதும் எழுதாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் கைமாற்றுத் தந்த நண்பரை 'பே ஆஃப்' செய்தேன் எனலாமா?

பதில்: வேண்டாம். ஆளைச் செயப்படுபொருளாக வைத்தால், வாயை மூட லஞ்சம் கொடுத்ததாகவே பெரும்பாலும் பொருள்படும். பிரிட்டனில் கணக்குத் தீர்த்து வேலையைவிட்டு அனுப்புவதற்கும் அது வழங்குகிறது.

கேள்வி: மறுக்கிறேன். 'பே ஆஃப் ஹிஸ் கிரெடிட்டர்ஸ்' என்று அகராதிகளிலேயே இருக்கிறதே?

பதில்: நல்ல மறுப்பு. கடன் கொடுத்தவர் என்பது அந்தச் சொல்லிலேயே அடங்கியிருப்பதால் அங்கே ஐயத்துக்கு இடமில்லை. அதே இடத்தில் ஓர் இன்ஸ்பெக்டரை வைத்துப் பாருங்கள், லஞ்சம் வந்துவிடும். 'பே பேக்'கும் முற்றிலும் அப்பாவியன்று: 'ஐ வில் பே ஹிம் பேக் ஃபார் திஸ்' என்றால் பழிதீர்ப்பேன் என்பதாகும்.

கேள்வி: 'ஃபோர்க் அவுட்', 'ஷெல் அவுட்', 'கஃப் அப்', 'ஸ்ப்ளாஷ் அவுட்' எல்லாம் ஒன்றா?

பதில்: முதல் மூன்றிலும் மனமின்மை உண்டு. அவற்றுள் 'கஃப் அப்' என்பதில், எதிரே ஒருவர் நின்று பணத்தைக் கேட்டு நெருக்கும் தொனி கூடுதலாக ஒலிக்கும். 'ஃபோர்க் அவுட்' பிரிட்டனில் மிகுதி. அமெரிக்கர் 'ஃபோர்க் ஓவர்' என்றும் சொல்வர். 'ஸ்ப்ளாஷ் அவுட்' இவற்றுக்கு நேரெதிராக, மகிழ்ச்சியோடு தாராளமாகச் செலவழிப்பது. வாங்கும் பொருளுக்கு முன் 'ஆன்' வரும். நான்கும் பேச்சுவழக்கு என்பதால் அலுவலகக் கடிதத்தில் எழுதாதீர்கள்.

கேள்வி: 'பே ஃபார் த ஃபீஸ்' சரியா?

பதில்: வழக்கமாக 'பே த ஃபீஸ்' என்பதே சரி. கொடுக்கும் தொகைக்கு 'ஃபார்' வேண்டாம். அதற்கு ஈடாகக் கிடைப்பதற்கே வேண்டும்: 'பே ஃபார் த கோர்ஸ்'. ஆனால் இங்கே 'இட்' கடைசியில் வரும்: 'பே ஃபார் இட்'. இந்த 'ஃபார்' முன்னிடைச் சொல் (பிரிபொசிஷன்), 'பே ஆஃப்'பில் உள்ள 'ஆஃப்' போன்றதன்று.

கேள்வி: 'பே ஃபார் த பில்'?

பதில்: அதே விடை.

கேள்வி: வாடகைக்கு?

பதில்: 'பே த ரென்ட்'. மேலே உள்ளதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: 'லெண்ட்', 'பாரோ' வேறுபாடு?

பதில்: அவை கூட்டுவினைகள் அல்ல. அகராதியைப் பாருங்கள்.

கேள்வி: 'செட் பேக்' எப்படிச் செலவைக் குறிக்கும்?

பதில்: அதில் எழுவாய் வாங்கிய பொருள்: 'த கோட் செட் மீ பேக் எய்ட்டி பவுண்ட்ஸ்' (அந்தக் கோட்டுக்கு எனக்கு எண்பது பவுண்டு செலவானது). 'ஐ செட் பேக் எய்ட்டி பவுண்ட்ஸ்' என்று எழுதினால் தவறு.